சாப்பிடாத அப்பம்

எங்கள் ஊர் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தால் ஒரு பிரசங்கம் தவறாது. வேதத்தில் வரும் அந்த மாமியார், மருமகள் கதைதான். பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த கைம்பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். அந்நிய ஜனத்தில் பிறந்த மருமகள் அவளை விடாமல் கூடவே வருகிறாள். பிரசங்கம் செய்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் மூக்குக்குப் போகும். அப்புறம் நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பும். நானும் இருபது வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறேன். என்ன அடக்கம் பாருங்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்.

அந்த மருமகள் எதற்காக வந்தாளோ எனக்குத் தெரியாது. நான் வந்தது போக்கிடம் இல்லாமல்.

என் மாமியார் பிறந்தது வடக்குப்பட்டுக் கிராமத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். கல்யாணமான கையோடு புருஷனுடன் மைசூர்ப் பக்கம் ஒரு சுரங்க ஊருக்குப் பிழைக்கப் போனவள், அங்கேயே முப்பது வருஷம் இருந்துவிட்டாள். நான் அந்தச் சுரங்க ஊரிலேயே பிறந்தவள். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். என் புருஷனுக்கும் எனக்கும் குழாயடியில் பழக்கம். கோயிலும் இல்லை, மேளமும் இல்லை. அவருடைய சிநேகிதர்கள் நாலு பேர் பார்க்க ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான் கல்யாணம். என்னைத் தலைமுழுகிவிட்டதாக அப்பா சொல்லியனுப்பினார். வெறும் வாய்வார்த்தை இல்லை. வாசலில் உட்கார்ந்து நிஜமாகவே ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாராம்.

மாமியார் என்னை ஏற்றுக்கொண்டாள் என்று சொல்லமுடியாது. வீட்டுக்குள் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் மகனும் கோயிலுக்குப் போவார்கள், நான் சோறாக்கி வைப்பேன். "உனுக்கும் ஒரு நாளு ஞானஸ்நானம் குடுத்துடணும்மே" என்பாள். அந்த ஒரு நாள் வருவதற்குள் மாமனார் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் என் புருஷனும் விஷக்காய்ச்சலில் பத்தே நாளில் போய்விட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை. சுரங்கத்தில் இறங்குகிற ஆள் இல்லாத குடும்பம் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் இருக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

அவர் நினைவாக நான் எடுத்துக்கொண்டது அவருடைய பொடி டப்பாவை மட்டும்தான். சுரங்கத்துக்குள் பீடி பற்றவைக்க விடமாட்டார்கள் என்பதால் அவர் மூக்குப்பொடிக்குப் பழகியிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர டப்பா அது. தட்டிக் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்தும் வாசனை போகவில்லை. துக்கம் தாங்காதபோது திறந்து முகர்வேன், உடனே தும்மல் வரும். அத்தை எந்த மூலையில் எந்தக் கோபத்தில் இருந்தாலும் "நூறு" என்பாள். தும்முகிறவர்களை நூறு வயசு இருக்கச் சொல்லாமல் அவள் வாய் சும்மா இருக்காது. பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட எனக்கு நூறு சொன்னாள்.

புறப்படுகிற அன்று ரயிலடியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிடுமே. சின்ன வயசு. என்கூட வந்து இன்னா பண்ணப் போற?"

"எங்கப்பாதான் தலைமுழுகிட்டாரே அத்தே. நானும் வரேன்."

அவள் மூட்டைகளிலிருந்து எழுந்தாள். பிறகு பெரிய மூட்டையை என் பக்கம் தள்ளினாள். நடந்தது இவ்வளவுதான். இதற்குத்தான் அத்தனை முந்தானைகளும்.

சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியில் கரிவண்டி எங்களை இறக்கிவிட்டபோது நன்றாக விடிந்திருந்தது. இப்போது பஸ் வந்துவிட்டது, லாரியில் தொற்றிக்கொண்டும் போகலாம். அப்போது நடைதான். தை மாதம், வழியெல்லாம் அறுப்பு. அத்தை முப்பது வருஷத்துக்கு முந்தைய புளியமரங்களைத் தேடித்தேடி நடந்தாள். பாதி வழியில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதாம்மே எனுக்கு" என்றாள். "நான் ஞானஸ்நானம் எடுத்த கோயில்ல, கடேசி அப்பத்த வாய்ல வாங்கிக்கினு கண்ண மூடணும். வேற எதுவும் வாணாம்."

அப்பம் என்று அவள் சொன்னது திருவிருந்தை. போதகர் ஜெபித்துக் கையில் வைக்கிற காசு அகல வெள்ளை அப்பமும், ஒரு வாய் திராட்சை ரசமும். ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே அதை வாங்கலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் லைன் வீட்டில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே அத்தை எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தாள். தகுதி இல்லாதவன் ஒருவன் திருட்டுத்தனமாகப் பந்தியில் கலந்து அப்பம் தின்றானாம். மூன்றாம் நாள் வாய் கோணிக்கொண்டு செத்தானாம். யார், எந்தத் தெரு என்று கேட்டதற்கு, "யாரா இருந்தா இன்னா, செத்தானா இல்லியா?" என்றாள்.

ஊர் எல்லையில் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கிட்டே வந்து, "அய்ய, இது நம்ம கோயிலாண்ட வூட்டுப் பொண்ணில்ல? இன்னாடி இப்டி வத்திப் போயி வந்துகிற?" என்றாள். அத்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். சுரங்க ஊரில் இரண்டு சாவுக்கும் அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. தலையில் டிரங்குப் பெட்டியோடு பின்னால் நின்ற என்னை யாரும் யாரென்று கேட்கவில்லை. நான் அழவில்லை. இந்த ஊரில் இவளைத் தவிர எனக்கு ஒரு ஜீவன் தெரியாது, இவளுக்கு ஒன்று ஆனால் நான் எங்கே போவேன் என்று மட்டும் தோன்றியது.

அத்தை பிறந்த வீடு மண்மேடாகக் கிடந்தது. கோயில் நிலத்தில் ஒரு குடிசை காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு உபதேசியாரைப் பார்க்க வேண்டும். போதகர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, சபையை மேய்ப்பது எல்லாம் உபதேசியார்தான். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், ஒல்லியாக, வெள்ளை வேட்டியும் அடுக்கடுக்கான கேள்விகளுமாக இருந்தார்.

"யாரும்மா இது, மருமவளா?"

"ஆமாங்கய்யா."

"ஞானஸ்நானம் எல்லாம் ஆச்சுல்லா?"

"ஆச்சுங்கய்யா. அங்கியே ஆச்சு" என்றாள் அத்தை. கண்கூட இமைக்கவில்லை.

"சபைச் சீட்டு?"

"அவசரத்துல வாங்கிக்கினு வரலீங்கய்யா."

"அதுக்கென்ன, நான் அந்தச் சபைக்கு ஒரு கடுதாசி போடுதேன். பதில் வரட்டும். கோயில் எடம் சபைப் பிள்ளைகளுக்கு மட்டுந்தாம்மா, அதான் கேட்டேன். தப்பா நினைச்சிக்கிடாதீங்க." குடிசைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அன்றிலிருந்து அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே குடிசையின் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

குடிசைக்குள் வந்ததும், "ஏன் அத்தே அப்டி சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? எம்புள்ள கோயிலுக்கு வெளிய தாலி கட்டிக்கினான்னா? செத்தவன் பேர இந்த ஊருல கெடுக்கச் சொல்றியா? அதுவுமில்லாம, உன்னிய எங்க வுடுவேன் நானு?" கடைசி வாக்கியத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டு பேரும் அறுப்பு வேலைக்குப் போனோம். அறுத்து முடித்த கழனிகளில் சிந்திய கதிரையும் பொறுக்கினேன். அரை வயிற்றுக்கு ஆனது. ஆனால் ஒரு கவளம் நிம்மதியாக இறங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தபால்காரர் ஒரகடத்திலிருந்து சைக்கிளில் வருவார். அந்த இரண்டு நாளும் நான் கழனியில் குனிந்தபடியே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடுதாசி வந்தால் குடிசை போகும். குடிசை போனால் அத்தையை யாராவது சொந்தக்காரர்கள் சேர்த்துக்கொள்ளலாம். என்னை யார் சேர்ப்பார்கள்? அரிவாள் நழுவி இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்டேன். வேலைக்குப் புதுசு என்றார்கள்.

மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று போதகர் வருவார், திருவிருந்தும் உண்டு. அத்தை ஒரு திட்டம் சொன்னாள். பிரசங்கம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் வெளியே ஓடும், நானும் அதுகளோடு நழுவிவிட வேண்டும். கேட்டால் வயிற்றுவலி. நானும் பொறுக்கிய நெல்லில் ஒரு படியைப் படைக்க எடுத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். கோயில் நிறையப் பூசணிக்காயும் நெற்கட்டும் காலைக் கட்டிய சேவல்களும்.

போதகர் அந்தக் கதையைச் சொன்னார். அதை நான் முதல்முதலாகக் கேட்டது அன்றுதான். கதை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கைம்பெண் ஊர் திரும்பினாள், மருமகள் கதிர் பொறுக்கினாள். எனக்கே அந்தப் பெண்மேல் பரிதாபமாக இருந்தது. திடீரென்று போதகர் குரலை இறக்கி, "அந்தக் கதை நடந்து முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. இதோ, நம் சபையிலேயே நடந்துகொண்டிருக்கிறது. தன் மாமியாரின் தேவனைத் தன் தேவனாக ஏற்றுக்கொண்ட மகள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்" என்று கையை நீட்டினார். அந்தக் கை கதவுப் பக்கம் நீண்டது. கோயில் மொத்தமும் திரும்பியது. சேவல்கூடத் திரும்பினதாக எனக்கு ஞாபகம்.

பிள்ளைகள் வெளியே ஓடின. நான் எழுந்தேன். வாசற்படியில் கால் வைப்பதற்குள் உபதேசியாரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர் அவளுக்கு. "வாம்மா, மொத வரிசைல நீதான் முழங்கால் போடணும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

முழங்காலில் நின்று எல்லோரையும் பார்த்துக் கையை ஏந்தினேன். அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. எடையே இல்லை. இடப்பக்கத்துப் பெண் கையை வாய்க்குக் கொண்டுபோனாள், நானும் கொண்டுபோனேன், ஆனால் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வாய் கோணிச் செத்தவன் என் பல்லுக்குள் நின்றுகொண்டு கதவைச் சாத்திவிட்டான். கையை அப்படியே மூடி, இறக்கி, இடுப்புச் செருகலில் சேலை மடிப்புக்குள் விட்டேன். அடுத்து பாத்திரம் வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். ரசம் உதட்டில் பட்டது, இனித்தது. துடைத்துக்கொள்ளவும் பயம், நக்கிவிடுவேனோ என்றும் பயம். வீடு வரும்வரை உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குடிசையில் அத்தை வருமுன் அப்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரம்கூட உடையவில்லை. இதை என்ன செய்வது? அடுப்பில் போட்டால் சாமியை எரித்ததாகும். கோழிக்குப் போட்டால் கோழி சாகுமோ, நான் சாவேனோ தெரியாது. புதைக்கலாம் என்றால் அதற்கும் ஏதாவது தண்டனை இருக்கும். என்னிடம் மூடி போட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொடி டப்பாவைத் திறந்து அதற்குள் வைத்து மூடி, டிரங்குப் பெட்டியின் அடியில் தள்ளினேன்.

அத்தை வந்து, "துன்னுட்டியா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கர்த்தாவே, அந்தப் பாவம் எம்மேலயே இருக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

மூன்று நாள் சாவுக்குக் காத்திருந்தேன். தின்னாவிட்டாலும், அதை இடுப்பில் செருகியதற்குத் தண்டனை இன்னும் மோசமாகத்தானே இருக்கும்? வீட்டில் கண்ணாடி இல்லை. மூன்றாம் நாள் காலையில் குடத்துத் தண்ணீரில் குனிந்து வாயைப் பார்த்தேன். தண்ணீர் ஆடியபோது வாய் கோணியது, அலறிவிட்டேன். அத்தை ஓடிவந்து, "இன்னாமே, பாம்பா?" என்றாள். ஆமாம், போய்விட்டது என்றேன்.

அந்த வாரமே கடுதாசி வந்தது. உபதேசியார் வெளியூர் போயிருந்தார். கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த என்னிடம் தபால்காரர் அதை நீட்டி, "உபதேசியாராண்ட குடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ, அது என் கையிலேயே இருந்தது. ஒரு கார்டு. நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. எனக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. அத்தைக்கு அச்சடித்த வேத எழுத்தை விரல்வைத்துக் கூட்டத் தெரியும், கையெழுத்து தெரியாது. ஊரில் அதைச் சுலபமாகப் படிக்கக்கூடியவர் ஒருவர்தான், அவரிடமிருந்துதான் அதை மறைக்க வேண்டும்.

ஏரிக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கரைவரை போனேன். தண்ணீரில் கடுதாசி மிதந்து, யாராவது எடுத்து, வெயிலில் காயவைத்து உபதேசியாரிடம் கொடுப்பதுவரை எனக்குக் கண்முன் தெரிந்தது. திரும்பி வந்து அத்தையிடம் காட்டினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். முதல் வரியில் ஏதோ ஓர் எழுத்தைக் கண்டுபிடித்து, "இது 'இ' மாதிரி கீது. 'இல்ல'ன்னு எய்திகீறாங்க" என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை என்னையே பார்த்தாள். அப்புறம் எழுந்து, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமுடியை அள்ளி முடிந்தாள். "கண்ணு எலும்பு வரைக்கும் உள்ள போயிகீது உனுக்கு. இப்டியே எத்தினி நாளு கெடப்ப? வா."

உபதேசியார் ஊரிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் கார்டைக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். "ஐயா, அதுல இன்னா எய்திகீதுன்னு எனுக்குத் தெரியும். நான் பொய்யி சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் ஆவல. எம்புள்ள கோயிலுக்கு வெளியதான் கட்டிக்கினான்."

உபதேசியார் ஈரக்காலோடு நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டை முழுக்கப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதுல அப்படி ஒண்ணும் இல்லியேம்மா. பழைய ரெஜிஸ்டரையெல்லாம் கரையான் அரிச்சிட்டாம். பேர் இருக்கா இல்லையான்னு பார்க்க வழியில்லை, நீங்களே விசாரிச்சுச் சேர்த்துக்கிடுங்கன்னு எழுதியிருக்காவ."

நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, இரண்டு கையாலும். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் தப்பித்திருப்போம். அத்தை மட்டும் ஒரு பெருமூச்சு விட்டாள். "பரவால்ல. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றாள்.

போதகர் அதற்கென்றே தனியாக வந்தார். கோயிலுக்குள் நாலு பேர்தான்: அவர், உபதேசியார், அத்தை, நான். பிரசங்கத்தில் என்னை நோக்கிக் கையை நீட்டியவருக்கு இப்போது என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன். மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்றைக்கு நீ அப்பத்தைச் சாப்பிட்டாயா, அம்மா?"

வாங்கினேன், சாப்பிடவில்லை. இரண்டு வார்த்தை. டப்பாவைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றியதெல்லாம், சாமியை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது, சொன்னால் இந்த ஊரில் என்னை வைப்பார்களா என்பதுதான். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "துன்னுச்சிங்கய்யா. என் பேச்சக் கேட்டுத்தான் துன்னுச்சி. அதும்மேல ஒரு தப்பும் இல்ல."

நான் சும்மா இருந்தேன்.

தீர்ப்பு இதுதான். நான் படித்து, மனசு ஒப்பினால் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளலாம். குடிசையில் இருக்கலாம். பொய் சொன்னதற்காக அத்தை ஆறு மாதம் திருவிருந்துக்கு வரக் கூடாது. ஞானஸ்நானம் இல்லாத ஒருத்தியை அப்பம் தின்னவைத்ததற்காக இன்னும் ஆறு மாதம். அத்தை கைகூப்பி எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" என்றாள். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, "எடம் போவல பாத்தியா" என்றாள். அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன பயன்? இனி யாரும் என்னைத் துரத்த மாட்டார்கள். அன்று முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உபதேசியாரிடம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். வினாவிடைப் புத்தகம்தான் என் பாடப் புத்தகம். ஆவணியில் எனக்கு ஞானஸ்நானம் ஆனது. புரட்டாசிக் கடைசியில் போதகர் திருவிருந்துக்கு வந்தபோது அத்தைக்கு முதல் ஆறு மாதம் முடிந்திருந்தது. நான் அன்று பேசியிருந்தால் அவள் என்னோடு வந்து முழங்கால் போட்டிருப்பாள். நான் மட்டும் எழுந்து போனேன். அவள் கதவோரப் பாயில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொருத்தர் வாய்க்கும் அப்பம் போவதைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது, "ருசி எப்டி கீது? முன்னாடி மாதிரியே கீதா?" என்று கேட்டாள். முன்னாடி எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆமாம் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. நாலாம் நாள் காலையில் அவளே சொன்னாள், "எனுக்கு இதான்மே. போதகர வரச் சொல்லு. மன்னிச்சிட்டாருன்னா ஒரு அப்பம்." உபதேசியார் குடையைப் பிடித்துக்கொண்டு அப்போதே கிளம்பினார். ஏரி நிரம்பி வழிந்து சாலையின் மேல் இடுப்பளவு ஓடுவதாகப் போனவர்கள் வந்து சொன்னார்கள். மதியம் ஆயிற்று. அவர் திரும்பவில்லை.

அத்தையின் கண் கதவின் மேலேயே இருந்தது. மழைச் சத்தம் மாறும்போதெல்லாம் "வந்துட்டாரா?" என்றாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது முறை என்னால் முடியவில்லை. எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

டப்பாவின் மூடி இறுகியிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தேன். அப்பம் பழுப்பேறியிருந்தது, முழுசாக இருந்தது. நான் போதகர் இல்லை. கொடுப்பது பாவம், விலக்கப்பட்டவளுக்குக் கொடுப்பது அதைவிடப் பாவம், வாங்கிய அன்றே தின்னாமல் ஒளித்தது எல்லாவற்றுக்கும் முதல் பாவம். இதெல்லாம் இப்போது எனக்குப் படித்தே தெரியும். அதனால் பயம் முன்னைவிட அதிகம். அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பத்தைப் பாதியாக உடைத்து அவள் உதட்டில் வைத்தேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். கண் கதவிலிருந்து என் முகத்துக்கு வந்தது. டப்பாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கித் துன்னலியா?"

"இல்ல அத்தே."

நான் தின்னாத அப்பத்துக்காக அவள் சுமந்த ஆறு மாதக் கணக்கு அவளுக்கும் தெரியும். திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் மெதுவாக மென்றாள். நெற்றி சுருங்கியது, பிறகு விரிந்தது.

"நமுத்துப் போச்சிமே" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எம்புள்ள பொடி வாசன அடிக்குது."

நான் அழுதேன். அவள் விரலைத் தூக்கி என் கையிலிருந்த மீதிப் பாதியைக் காட்டி, "அத்த நீ துன்னு" என்றாள்.

பயந்துகொண்டேதான் வாயில் வைத்தேன். மென்றதும் பொடியின் காரம் மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவள் தலை மடியில் குலுங்கும்படி பெரிதாகத் தும்மிவிட்டேன்.

"நூறு" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.